பின்பக்கத்துக்குப் பத்து மார்க்

ஜூலை 12, சனி
காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. தொம்மலூர் சர்ச் ஹாலில் கை எம்ப்ராய்டரி போட்டி. நடுவர்கள் நானும் சுமங்களாவும். துணிகளில் பெயர் கிடையாது, நம்பர் மட்டும். பின்பக்கச் சுத்தத்துக்குப் பத்து மார்க். முடிச்சு, தொங்கும் நூல், எல்லாம் புரட்டிப் பார்த்துக் குறைக்க வேண்டும்.

மயில் போட்ட துணி மட்டும் கண்ணாடி ஃப்ரேமோடு வந்தது. முன்பக்கம் அப்படி ஓர் அழகு. பின்னால் அட்டை வைத்து ஆணி அடித்திருந்தது. பிரிக்கச் சோம்பல். சுமங்களா, "எட்டு போட்டுடலாம், ஆய்த்து" என்று கன்னடத்தில் முடித்துவிட்டார். நானும் தலையாட்டினேன். மயில் முதலிடம். நாலாம் நம்பர் மல்லிக்கொடி இரண்டாமிடம். அறிவிப்பும் பரிசும் நாளை, பூசைக்குப் பிறகு.

வீட்டுக்கு வந்தும் உறுத்தல். மற்றவர்களுக்கு முடிச்சுக்கு முடிச்சு குறைத்துவிட்டு, பார்க்காத பின்பக்கத்துக்கு எட்டா? சொல்லலாம் என்றால் இன்னொரு சிக்கல். அந்த மல்லிக்கொடி என் நாத்தனார் ஃபிலோமினா போட்டது. பெயர் எதற்கு, அவள் இலை நரம்பு போடுகிற விதமே சொல்லிவிடும். இப்போது வாய் திறந்தால் அவளுக்காகத்தான் என்பார்கள். பயமாக இருக்கிறது.

நாளைக்கு: பால், உளுந்து, குடை ரிப்பேர்.

ஜூலை 13, ஞாயிறு
பூசை முடிந்ததும் சுமங்களாவிடம் சொல்லிவிட்டேன், இரண்டையும். நாலாம் நம்பருக்கு என் மார்க் வேண்டாம், நீங்களே போடுங்கள். ஆனால் ஃப்ரேமைப் பிரித்தாக வேண்டும். முகம் சுருங்கியது. பிறகு அவரே ஆணி பிடுங்க ஆள் தேடினார்.

மயில் போட்டவரைக் கூப்பிட்டு, அவர் எதிரிலேயே பிரித்தோம். பின்பக்கம் நூல் காடு. எட்டு மார்க் இறங்கியது. பாவம், அவரே அட்டையை எடுத்து மூடினார். எனக்கும் சங்கடம்.

ஃபிலோமினா முதல் பரிசு. கைதட்டலுக்கு நடுவில் யாரோ, "அண்ணி ஜட்ஜா இருந்தா கெடைக்காதா பின்ன?" அவள் காதிலும் விழுந்தது. பரிசைப் பையில் திணித்துக்கொண்டு ஹெப்பகோடி பஸ் ஏறிவிட்டாள். போன் எடுக்கவில்லை. உளுந்து மறந்தாயிற்று.

ஜூலை 20, ஞாயிறு
ஒருவழியாக வெயில். அதே ஹாலில் கண்காட்சி. எல்லாத் துணியும் முன்பக்கம் தெரியத் தொங்க, ஃபிலோமினாவுடையது மட்டும் பின்பக்கம் தெரிய. அவளே புரட்டி மாட்டியதாம். கூட்டம் முழுக்க அங்கேதான். போன வாரம் பேசிய வாய்களும்.

கிட்டே போனேன். கீழ்மூலையில் சின்னதாக ஒரு முடிச்சு. அதன்மேல் விரல் வைத்தாள்.

"இதுக்குக் கொறச்சீங்களா அண்ணி?"

உன் துணிக்கு நான் போட்ட மார்க்கை எடுத்துவிட்டேன், சுமங்களாதான் குறைத்தார் என்றேன்.

"கொறைக்கத்தானே வேணும்" என்றாள்.