சிவானுஜா அக்காவின் ராச்சாப்பாடு

ஓகஸ்ட் 3, ஞாயிறு

இன்று சிவானுஜா அக்கா போட்டது இடியப்பம், தேங்காய்ப்பாலில் வைத்த இறால் சொதி, ஒரு கரண்டி சம்பல். அவ்வளவுதான். நான் அந்தச் சொதியை இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தைப் பெரிதாக்கினால் சொதியின் மேல் சின்னச் சின்ன எண்ணெய் வட்டங்கள். ஒரு வட்டத்துக்குள் ஜன்னல் தெரிகிறது! அதைப் படத்துக்குக் கீழே எழுதியும் விட்டேன். மண்டூரில் அவவின் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் போய்விட்டு வந்த மாதிரி இருந்தது.

"ராவைக்கு என்ன?" என்ற பேஸ்புக் குழுவில் நாலாயிரம் பேர் இருக்கிறோம். எல்லாரும் வீட்டில் சமைக்கிற ஆட்கள். இரவு சாப்பிட்டதைப் படம் எடுத்துப் போடுவோம். சட்டம் ஒன்றே ஒன்று: அண்டைக்குச் சாப்பிட்டதை அண்டைக்கே போட வேண்டும், பழைய படம் கூடாது. குழுவை நடத்துகிற மருதமுனை ஸகியா ராத்தா, எங்கள் எல்லாருக்கும் மூத்த அக்கா, இதில் சரியான கண்டிப்பு.

எங்கள் வீட்டில் பேக்கரிப் பாணும் பருப்பும். என் படத்துக்கு ஏழு லைக். ஒன்று அம்மா. ஒன்று நான்.

ஓகஸ்ட் 9, சனி

அக்கா பங்குனியில் போட்ட திரளி மீன் குழம்பை நானே வைத்துப் பார்த்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. படத்தின் நிறத்தைப் பார்த்துப் பார்த்துத் தூள் போட்டேன். அன்ரோ அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டு, "இது குழம்பா, மீன் குளிச்ச தண்ணியா?" என்று கேட்டான். அம்மா சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடித்தா.

பரவாயில்லை. ஏனென்றால் அக்கா என் படத்துக்குக் கீழே எழுதினா: "புளியப் பிந்திப் போடுங்க தங்கச்சி."

தங்கச்சி!!

ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருக்கிறேன். மூன்று தரம் எடுத்தேன், ஒன்று அழிந்தாலும் இருக்கட்டும் என்று.

ஓகஸ்ட் 14, வியாழன்

பின்னேரம் குருமண்வெளித் துறைக்குப் போனேன். அக்கரையில் மண்டூர், தென்னைகளின் ஒரு கோடு. எங்கள் பெரியகல்லாற்றில் இருந்து எவ்வளவு பக்கம், நான் ஒருநாளும் போனதில்லை. வாவி அசையாமல் கிடந்தது. அக்கரையில் ஒரு புகை எழும்பியது. அது அக்காவின் அடுப்புதான் என்று முடிவு செய்தேன். ஏன் இருக்கக் கூடாது?

ஓகஸ்ட் 20, புதன்

நான் ஒரு துப்பறிவாளி!

மண்டூர்க் கோயிலில் கொடி ஏறிவிட்டது. போன வருடம் அக்கா எழுதியது எனக்குப் பாடம்: கொடி ஏறினால் தீர்த்தம் முடியும் வரை அவவின் வீட்டில் மரக்கறி மட்டும், மீன்சட்டிகளை எல்லாம் கட்டிப் பரணில் வைத்துவிடுவார்கள். ஆனால் இன்று அவ போட்டது திரளி மீன். பார்த்தவுடன் பிடித்துவிட்டேன். பங்குனிப் படம்தான். தட்டின் ஓரத்தில் அதே கீறல்!

உடனே கீழே எழுதினேன்: "அக்கா! கொடி ஏறினா உங்கட வீட்டில மரக்கறிதானே? இது பழசு, பங்குனியில போட்ட படம். தட்டில கீறலும் இரிக்கி, பாருங்க!" பங்குனிப் படத்தையும் பக்கத்தில் ஒட்டினேன்.

அக்கா சிரிப்பா என்று நினைக்கிறேன். என்னைப்போல் யார் அவவின் படங்களைப் பார்த்திருக்கிறார்கள்?

ஓகஸ்ட் 21, வியாழன்

அறுபத்து மூன்று சிரிப்பு. ஒன்றும் அக்காவினுடையது இல்லை.

ஓகஸ்ட் 22, வெள்ளி

ஐயோ. நான் என்ன செஞ்சிட்டன்.

ஆட்கள் பழசெல்லாம் கிண்டியிருக்கிறார்கள். ஆனி, ஆடி, எல்லாப் படமும் முந்தைய வருடங்களில் எடுத்ததாம். அந்த இடியப்பமும்தான். நான் ஒன்றைத்தான் கண்டேன், மற்றதையெல்லாம் நம்பித்தானே இருந்தேன்! "கள்ளி" என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். "ஆக்காம அவிக்காமப் பேரெடுத்தவ" என்று இன்னொருத்தி. ஸகியா ராத்தா மரியாதையாகத்தான் விளக்கம் கேட்டிருக்கிறா.

நான் எழுதியதை அழித்தேன். அதற்குள் யாரோ படம் பிடித்துவிட்டார்கள். என் பெயரோடு, என் ஆச்சரியக்குறியோடு.

இன்பொக்சில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பார்க்கவில்லை.

நான் கேலி பண்ணல்ல. சத்தியமா இல்ல. ஆசையிலதானே சொன்னன்?

ஓகஸ்ட் 26, செவ்வாய்

ஆறு நாளாக ஒரு படமும் இல்லை.

கனவில் வாவித் தண்ணீர் முழுக்க மஞ்சள் சொதி. நான் தோணியில் போகிறேன், ஒவ்வொரு எண்ணெய் வட்டத்திலும் ஒரு ஜன்னல், ஒவ்வொரு ஜன்னலும் நான் கிட்டப் போகச் சாத்திக்கொள்கிறது.

ஓகஸ்ட் 30, சனி

போய்விட்டேன். மண்டூருக்கு.

துறையில் பாதைப்படகில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திருவிழாச் சனம், மோட்டார்சைக்கிள்கள், மல்லிகைப்பூ வாசம். கோயிலடிக் கடையில் அக்காவின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். கடைக்கார அம்மா வழி காட்டிவிட்டு, "அவ இல்லையே புள்ள, மனிசன்தான் இரிக்கார்" என்றா.

கணவர் விதுஷன் அண்ணன் வட்டையில் இருந்து அப்போதுதான் வந்திருந்தார், காலில் வயல் சேறு. ஒரு கையில் சோற்றுக் கோப்பை, மற்றக் கையில் போன். முன்னால் நாலு வயது மகள். இரவுச் சாப்பாட்டை இப்போது வெளிச்சத்தோடேயே தொடங்கிவிடுகிறாராம், முடிய அவ்வளவு நேரம் எடுக்கிறது என்று. போனில் அக்காவின் பிட்டுப் படம்.

பிள்ளை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"இது பழசு."

நான் முற்றத்தில் அப்படியே நின்றேன். நான் எழுதியதுதானே அது, யாரோ வாசித்ததைக் கேட்டிருக்கிறாள். அதே சொல்.

அக்கா சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு குவைத்துக்குப் போய்விட்டாவாம், வீட்டு வேலைக்கு. குழுவில் சொல்ல வேண்டாம் என்று அவதான் கேட்டிருக்கிறா. அங்கே வீட்டுக்காரி பின்னேரம் தூங்குகிற நேரம், இங்கே ஏழு மணி. அந்த நேரம் பழைய படம் ஒன்றைப் போடுவா. அண்ணன் சொன்னார்:

"ஒரு வாய் சோறு, ஒருக்காப் படம். அப்பிடித்தான் தின்னும். அம்மா கண்ணுக்குத் தெரியாம வந்து ஆக்கி வெச்சிட்டுப் போறா எண்டு நினைச்சிக்கிட்டு இரிக்கி. நாங்களும் இல்லெண்டு சொல்லல்ல."

அந்தக் கீறலைப் பற்றி எழுதிய றெபேக்கா நான்தான் என்று சொன்னேன். அதைச் சொல்லத்தானே வந்தேன். இரண்டு தரம் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். "ஓ, நீங்கதானா. என்ட படத்துல ஜன்னலையும் கண்டுபிடிக்கிற புள்ள ஒண்டு இரிக்கி எண்டு சொன்னவ" என்றார். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக:

"அவக்கு உங்களோட கோவமில்ல தங்கச்சி. கள்ளியெண்டு சொன்னத்துக்கும் அழல்ல. கொடி ஏறின நாளையே மறந்திட்டன், நான் எந்த ஊர்க்காரி எண்டு கேட்டுத்தான் அழுதவ."

அங்கே அக்கா இரவு என்ன சாப்பிடுகிறா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கேட்டால் "சாப்பிட்டன்" என்று மட்டும் சொல்லுவாவாம்.

படங்கள் இப்படியே நின்றுபோக வேண்டாம், நீங்கள் சமைப்பதை நீங்கள் போடுங்கள், அக்கா அங்கிருந்து பார்க்கட்டும் என்று சொன்னேன். என் சோறு படத்துக்கு நிற்காது என்றார். இந்த முறை நான் எதையும் கேட்காமல் செய்யப்போவதில்லை. அக்காவிடம் கேளுங்கள், அவ ஓம் என்றால் மட்டும் என்றேன்.

திரும்பும்போது வாவி செம்பு நிறம். படகில் எல்லாரும் கோயில் கதை பேசினார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

செப்டெம்பர் 1, திங்கள்

ஒன்றும் இல்லை. போனைத் தலையணைக்குக் கீழே வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். "அந்தப் போனையும் கொஞ்சம் நித்திரை கொள்ள விடு புள்ள" என்று அம்மா சொன்னா.

செப்டெம்பர் 3, புதன்

வந்துவிட்டது!

இருட்டுப் படம். களி மாதிரிப் பிட்டு, பக்கத்தில் தேங்காய்ப்பால் விட்ட கத்தரிக்காய்ப் பாலாணம். கீழே: "நான் விதுஷன், சிவானுஜாட மனிசன். அவ குவைத்தில வேலைக்கு. பழைய படங்கள் எங்கட புள்ளைக்காகப் போட்டது. இது இண்டைக்கு நான் அவிச்சது, அவட சம்மதத்தோட போடுறன்."

ஐந்து நிமிடம் திரையை இழுத்து இழுத்துப் பார்த்தேன். பிறகு அக்காவின் பெயர் வந்தது.

"மாவுக்குத் தண்ணி கூடிட்டு. கையால தெளிங்க, ஊத்தாதீங்க."

நான் குசினிக்குள் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். கையில் கத்தி இருக்கிறது, விடு என்று அம்மா கத்தினா.

செப்டெம்பர் 5, வெள்ளி

விடிய எழும்பிப் போனைத் திறந்தால் அக்காவின் படம். இங்கே ராத்திரி ஒன்று நாற்பதுக்குப் போட்டிருக்கிறா. வீட்டுக்காரர் எல்லாரும் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவிய பிறகுதான் அவ சாப்பிடுகிற நேரமாம்.

ஒரு சில்வர் தட்டு. பாதிக் குபூஸ் ரொட்டி. நாலாக வெட்டிய தக்காளி, உப்பு. கால் மட்டும் தெரிகிறது, படியில் இருக்கிறா. ஜன்னல் இல்லை.

"இண்டைக்கு நான் சாப்பிட்டது."

இந்த நேரத்தில் போட்டது எந்த நாள் கணக்கு என்று யாரோ கேட்க, ஸகியா ராத்தா பதில் எழுதியிருந்தா: "அவக்கு எப்ப ராவோ, அப்பதான் ரா."

எங்களுக்கு விடியும்போது அவவின் ராச்சாப்பாடு வருகிறது. அதையே நினைத்துக்கொண்டு முற்றத்தில் இருந்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது.

செப்டெம்பர் 6, சனி

ஏழு மணிக்கு விதுஷன் அண்ணன் போட்டது: கோதுமை மா ரொட்டி ஒன்று, பாதியாகக் கிழித்தது. தக்காளி நாலு துண்டு. உப்பு. சோறு இல்லை, கறி இல்லை.

கீழே எழுதியிருந்தார்: "புள்ளைக்கு அம்மாட சாப்பாடுதான் வேணுமாம்."

அரை மணித்தியாலம் கழித்து இன்னொரு படம். வெறும் தட்டு.