பீரோவின் கதையைச் சொல்லாமல் போன அத்தானுக்கு

என் அன்புக்கும் எரிச்சலுக்கும் ஒருசேர உரிய அத்தான்,

அங்கே சுகமா என்று கேட்க மாட்டேன். எங்கே போனாலும் உங்களுக்குப் பேச ஆள் கிடைத்துவிடும். இங்கே நான்தான் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறேன். கோபத்தில் எழுதுகிறேன், முழுக்கப் படியுங்கள்.

உங்கள் ஆண்டுத் திதி முடிந்தது. முடிந்த கையோடு நம் மகள் வள்ளி என் அறையைச் சீராக்கக் கிளம்பிவிட்டாள். சுவரோடு சேர்த்து வார்ட்ரோப் செய்திருக்கிறாள். கண்ணாடிக் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறது. என் சேலைகளுக்கு எதற்கு வெளிச்சமோ! ஆக, நம் கல்யாணத்துக்கு என் அப்பா வாங்கித் தந்த பச்சை இரும்பு பீரோ வேண்டாததாகிவிட்டது.

நேற்று வடசேரியிலிருந்து பழைய இரும்பு எடுக்கிறவர் வண்டியோடு வந்து வாசலில் நின்றார். வள்ளி பீரோவைத் திறந்து, நீங்கள் வீட்டில் கட்டுகிற சாரங்களை அள்ளிக் கட்டிலில் போட்டாள்.

"எம்மா, அப்பாக்க துணிய யாருக்காவது குடுத்திரலாம். இந்தத் துருப்பிடிச்ச பீரோ சவத்த வச்சிட்டு என்ன செய்ய?"

"எடுக்காத ஏட்டி. பீரோன்னா என்னன்னு உங்க அப்பா இன்னும் எங்கிட்ட சொல்லல."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்றே நினைத்தாள்.

அவளுக்கு எப்படித் தெரியும்? ஆபீசிலிருந்து வந்தால் சட்டையைக் கழற்றும் முன்னே ஒரு சொல்லைக் கழற்றிப் போடுவீர்கள். மேசை என்ற சொல் போர்ச்சுகீசியன் கொண்டுவந்தது, அலமாரியும் அவனுடையது, நாம் உட்காரும் கசேரையும் அவன் தந்ததுதான் என்று. குழம்பு கொதிக்கும், நான் கரண்டியோடு நின்று கேட்பேன். பீரோவை மட்டும் ஒளித்துவைத்தீர்கள். "அது பெரிய கதையாக்கும் ஏட்டி. நாளைக்குச் சொல்லுகேன்." எத்தனை நாளை! கடைசிக் காலையில் பீரோவிலிருந்து வேட்டியை எடுக்கும்போதும் கேட்டேன். "சந்தைக்குப் போயிட்டு வந்து சொல்லுகேன்" என்று சிரித்தீர்கள். சந்தையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். வீட்டுக்குத் தூக்கிவந்தபோது உங்களிடம் பேச்சும் இல்லை, மூச்சும் இல்லை. இது என்ன நியாயம் அத்தான்?

நேற்று நான் பிடிவாதமாக நிற்கவே, வள்ளி போனில் தேடி வாசித்தாள். பிரெஞ்சுக்காரனிடம் அந்தச் சொல் முதலில் ஒரு முரட்டுக் கம்பளித் துணியோடு ஒட்டிய பெயராம். அந்தத் துணியை எழுதும் மேசைமேல் விரித்தார்களாம். பிறகு மேசைக்கே அந்தப் பெயர் வந்ததாம், அதன்பிறகு மேசை கிடந்த ஆபீசுக்கு. இங்கிலீஷ்காரன் இழுப்பறை வைத்த மேசையை அப்படிச் சொல்லப்போய், நம் வாயில் அது துணி வைக்கிற இரும்பு பீரோவாகிவிட்டது. "இவ்வளவுதாம்மா" என்று முடித்தாள்.

இவ்வளவுதான்! அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிட்டது. இது போன் சொல்லவேண்டிய கதையா? நீங்கள் கையை ஆட்டி, நடுவில் நிறுத்தி, "சொல்லித் தொலையுங்க அத்தான்" என்று நான் கத்த வேண்டிய கதை. அதைக் கேட்கும் பாக்கியம் எனக்கு இல்லாமல் போயிற்று. உடைந்து அழுதுவிட்டேன். வள்ளி பயந்துபோனாள்.

துணி, மேசை, ஆபீஸ். உங்கள் வாழ்க்கையும் அதுதானே? ஓய்வு பெற்ற அன்றே ஆபீசும் மேசையும் போயின. மிச்சம் இந்தத் துணிதான். அதையும் எடுத்துவிட்டால் எனக்கு என்ன இருக்கிறது?

சாரங்களை நானே மடித்து உள்ளே வைத்துப் பூட்டினேன். இரும்பு எடுக்கிறவரைத் திருப்பி அனுப்பினேன். "அப்பம் என்னத்துக்கும்மா வரச் சொன்னிய?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். பீரோ இடிப்பதால் வள்ளியின் கண்ணாடிக் கதவு பாதிதான் திறக்கிறது. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். இருக்கட்டும்.

இன்னொன்று அத்தான். எல்லாச் சொல்லுக்கும் ஊர் சொன்ன நீங்கள், இடுப்பில் கட்டியிருந்த சாரத்திடம் மட்டும் தோற்றீர்கள். "மத்த ஊர்ல லுங்கிங்கான், நாம ஏன் சாரம்ங்கோம்? அது மட்டும் பிடிகிடைக்கல ஏட்டி" என்பீர்கள். நேற்று வள்ளியை அதையும் தேடச் சொன்னேன். கிடைத்துவிட்டது. நல்ல கதை. இங்கே எழுத மாட்டேன். இதைப் படிக்கிற மற்றவர்களே, எனக்கு முன்னால் அங்கே போய் என் அத்தானைப் பார்க்க நேர்ந்தால், தயவுசெய்து வாயைத் திறந்துவிடாதீர்கள்.

நானே வந்து சொல்வேன், சத்தியம். ஆனால் வந்த அன்றே நீங்கள் கேட்டால், சிரித்துக்கொண்டே சொல்வேன்: "நாளைக்குச் சொல்லுகேன்."

உங்கள் மாமன் மகளும் மனைவியுமான
செண்பகம்