வழியில் இருக்கும் அப்பா

அன்புள்ள அம்மா,

உன் மூட்டுவலி தேவலையா? நாங்கள் நன்றாகச் சாப்பிடுகிறோம்.

அப்பா விஞ்ஞானிதான், ஆனால் கம்பெனிக் கருவியை வாங்கும் வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. மூன்று ஆய்வகங்களுக்கும் ஒரே நாளில், போன வியாழக்கிழமையே வந்து கருவியைப் பொருத்தித் தருவதாகச் சொல்லிவிட்டார். "எங்க முதல்ல போறதுன்னே தெரியல கண்ணு" என்று அன்று படுத்தவர், இன்றும் எங்கும் போகவில்லை. போனை நான்தான் எடுக்கிறேன்.

"அப்பா வழியில இருக்காரு சார்."

"நேத்தும் இதத்தானேம்மா சொன்ன? உங்கப்பா என்ன, தவழ்ந்தா வர்றாரு?"

சிரிப்பு வருகிறதா? திங்கட்கிழமையும் போகாவிட்டால் வேலை போய்விடுமாம். அவர் தூங்கியபின் எழுதுகிறேன். நான் எழுதியதை அவரிடம் காட்டிக்கொடுத்துவிடாதே.

நீ கூப்பிடும்போது ஒரு தடவை அடித்து வைத்துவிட்டு மறுபடி அடி. இல்லையென்றால் பயத்தில் உன்னிடமும் அப்பா வழியில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவேன்.

இருமுகிறார். விளக்கை அணைக்கிறேன்.

உன் மகள்