தூதர் நியமனம் தொடர்பாக, நான்காம் நிலையத்திலிருந்து

2189 மார்ச் 3, 09:10

நான்காம் அலைமாற்று நிலையம், வியாழனின் நிலவான காலிஸ்டோவின் சுற்றுப்பாதை. பணியில் பெனடிக்ட் மச்சாது, தொலைத்தொடர்புப் பொறியாளர். வேறு ஆள் இல்லை. ஆன்டெனா மூன்றும் சரி. மின்கலம் 91 விழுக்காடு. பூமியிலிருந்து அலை வந்துசேர 43 நிமிடம்.

பூமிக்கும் கானிமீடுக்கும் நடுவே போகிற ஒவ்வொரு சொல்லும் இந்த நிலையத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வாங்குவது, வலுவேற்றுவது, அனுப்புவது என் வேலை. கேட்பது என் வேலை இல்லை. பதினான்கு ஆண்டாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

08:40க்கு 'பொருநை' என்ற சரக்குக் கப்பல் வந்து கானிமீட் எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றது.

2189 மார்ச் 3, 16:25

இதைப் பிற்பாடு யாராவது எடுத்துப் படித்தால் புரிய வேண்டும். அதனால் விவரம்.

வியாழனின் இன்னொரு நிலவான கானிமீடில் புதுக்கரை என்ற குடியிருப்பு. 640 பேர். ஒன்பது ஆண்டுக்கு முன் பூமியை விட்டுப் பிரிந்தவர்கள். அவர்களுடைய ஆக்சிஜன் ஆலையில் சவ்வுகள் கிழிந்துவிட்டன. கையிருப்பு பத்தொன்பது நாளைக்கு. புதிய சவ்வுகள் பொருநையில் இருக்கின்றன. தூதராகப் போக வேண்டிய கோமதி ஆவுடையப்பனும் அதில்தான் இருக்கிறார். பூமி மன்றம் அவரை இன்னும் உறுதி செய்யவில்லை.

உறுதி செய்த தூதர் இல்லாமல் எந்தக் கப்பலும் கோட்டைத் தாண்டினால் புதுக்கரை சுடும். ஐந்து ஆண்டுக்கு முன் உறுதி செய்யப்படாத தூதர் ஒருவர் போய் வாக்குக் கொடுத்தார். அதை நம்பி அவர்கள் காவலை எடுத்தார்கள். 'அவர் எங்கள் ஆளே இல்லை' என்று மன்றம் கைகழுவிவிட்டுப் படையை அனுப்பியது. செத்தவர்கள் முப்பத்தொரு பேர். அவர்கள் நிபந்தனையில் எனக்குக் குறை தெரியவில்லை.

மன்றம் வாக்களிக்க வேண்டும். கை தூக்கினால் போதும்.

2189 மார்ச் 5, 14:50

விசாரணை தொடங்கியது. உறுப்பினர்கள் 121 பேர். ஆளும் ஒன்றியர் 63, எதிர்த்தரப்பு உரிமையர் 58. உரிமையர் தலைவர் மாசிலாமணியின் கேள்வியை அப்படியே பதிகிறேன்.

"மாண்புமிகு தலைவர் அவர்களே! பிரிவினைப் பேச்சுவார்த்தையில் நம் தரப்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எதிரே இருந்தவர்களிடம் 'கையெழுத்துப் போடாதீர்கள்' என்று இந்த அம்மையார் சொன்னாரா, இல்லையா?"

பொருநையிலிருந்து பதில் என் வழியாகப் போனது.

"சொன்னேன். பதினேழாம் பிரிவ அவங்களுக்குத் தெரியாம மாத்தி அச்சடிச்சிருந்தாவ. மாத்தினது உங்க கட்சிக்காரர். அத வாசிக்காமலே கையெழுத்துப் போட்டவர் ஆளுங்கட்சிக்காரர். ரெண்டு பேரும் உங்க சபையிலதான் உக்காந்திருக்காவ. வேணும்னா பேரு சொல்லுதேன்."

பெயர் கேட்க யாருக்கும் விருப்பமில்லை. பதில் அங்கே போய்ச் சேர்ந்ததும் கூச்சல், உரிமையர் வெளிநடப்பு. கோமதியின் பெயரை முன்மொழிந்த ஒன்றியர் தலைவர் கார்மேகவண்ணன் எழுந்து, 'அது அம்மையாரின் தனிப்பட்ட கருத்து' என்றார். அவர் கட்சியிலேயே நான்கு பேருக்குத் திடீரென்று மனச்சாட்சி முளைத்துவிட்டது. 63 இருந்தது 59 ஆகிவிட்டது. நான்கு பேரும் என்ன பதவி கேட்கிறார்கள் என்று நாளை தெரியும்.

2189 மார்ச் 6, 10:05

தெரிந்துவிட்டது. இரண்டு வாரியம், ஒரு துணை அமைச்சர் பதவி. நான்காமவருக்கு மட்டும் உண்மையிலேயே மனச்சாட்சி போலிருக்கிறது. அவரை யாரும் பொருட்படுத்தவில்லை.

2189 மார்ச் 9, 16:30

கோமதி ஆவுடையப்பன் முன்பொரு முறை ஓர் அமைச்சரை 'மண்டூகம்' என்று சொன்னாராம். அது அவைக்கு ஒவ்வாத சொல்லா என்று ஆராய ஏழு பேர் கொண்ட துணைக்குழு. இரண்டரை மணி நேரம் பேசினார்கள். மண்டூகம் என்றால் தவளையா தேரையா என்பதில் குழு இரண்டாகப் பிரிந்தது. கட்சிவாரியாக.

இதையும் வலுவேற்றி அனுப்பினேன். சூரிய மின்தகடு இரண்டின் மின்சாரம் இதற்குப் போனது.

16:10க்குப் பொருநை என்னைக் கூப்பிட்டது. அலுவல் அழைப்பு இல்லை.

"மச்சாதுன்னா தூத்துக்குடியா தம்பி?"

"ஆமா மேடம்."

"நான் அம்பாசமுத்திரம். மேடம் கீடம் வேண்டாம். இந்த ஆறு நாளா ஒருத்தனாவது சவ்வப் பத்திக் கேட்டானா?"

"இல்லக்கா. 'கண்ணியம்'ங்கிற வார்த்தை நூத்திப் பன்னெண்டு தடவ வந்திருக்கு. 'காத்து' ஒரே தடவ. அதுவும் சபையில ஏசி சரியில்லன்னு சொல்லும்போது."

அவர் சிரிக்கவில்லை. "அந்த மண்டூகத்தப் பத்தி நான் சொன்னது தப்புதான். தவள மழைக்காவது கத்தும்" என்றார்.

2189 மார்ச் 14, 11:15

புதுக்கரை வாயில் காவலர் காசிம் ராவுத்தர் அனுப்பிய செய்தி.

"கையிருப்பு எட்டு நாள். பிள்ளைகளக் கூடத்துல வரிசையாப் படுக்க வச்சிருக்கோம். ஓடாம ஆடாம இருந்தா மூச்சு கம்மியாத்தான் செலவாகும். நாலு வயசுப் பிள்ளைய எப்படிங்க ஆடாதேன்னு படுக்க வைக்கறது? மன்றத்துல என்ன நடக்குதுன்னு யாராவது சொல்லுங்க."

மண்டூகம் பற்றி அவருக்கு எப்படிச் சொல்வது? 'விவாதம் தொடர்கிறது' என்றேன்.

'உறுதி ஆகாமலே அந்த அம்மாவை உள்ளே விட்டால் என்ன' என்று அவர்கள் சபையிலும் வாக்கெடுப்பு நடந்ததாம். எட்டுப் பேர். நாலுக்கு நாலு. அங்கேயும் ஒரு கட்சி இன்னொரு கட்சிக்கு விட்டுக்கொடுக்காது. 640 பேருக்கு எதற்கு இரண்டு கட்சி என்று கேட்டேன். "ஒண்ணுதான் இருந்துச்சு. காத்து குறைஞ்சதும் ரெண்டாப் போச்சு" என்றார் காசிம்.

2189 மார்ச் 17, 13:40

இன்று வாக்கெடுப்பு என்றார்கள். ஒன்றியர் கட்சி தொடங்கிய நாளாம். மாலை மரியாதை, ஊர்வலம். அவை நான்கு நாள் ஒத்திவைப்பு. உரிமையர் அதைக் கடுமையாகக் கண்டித்துவிட்டு அவர்களும் ஊருக்குப் போனார்கள்.

நான்கு நாள் என்றால் 21. கையிருப்பு தீர்வது 22.

பொருநையைக் கூப்பிட்டேன். மன்றத்தின் முத்திரை அலை என் கருவியில் பதிவாகி இருக்கிறது, 'உறுதி செய்யப்பட்டது' என்று நானே ஒரு செய்தி அனுப்பினால் யாருக்கும் தெரியாது என்றேன்.

"வேண்டாம் தம்பி. பொய்யச் சொல்லி உள்ள போனா நான் அந்த முந்தின தூதனாயிருவேன். அவன நம்பினவங்க செத்துப்போனாவ."

"போகலன்னாலும் செத்துருவாங்கக்கா."

"தெரியும்ல எனக்கு. தெரியாமலா உக்காந்திருக்கேன்?"

2189 மார்ச் 20, 08:20

தூங்கவில்லை. நேற்று காசிமின் செய்தியில் பின்னால் ஒரு பிள்ளை இருமிக்கொண்டே இருந்தது.

08:05க்கு அனுப்பிவிட்டேன். புதுக்கரைக்கு ஒன்று, பொருநைக்கு ஒன்று. 'கோமதி ஆவுடையப்பன் நியமனம் உறுதி செய்யப்பட்டது. ஆதரவு 62, எதிர்ப்பு 59.' எண்ணை நான்தான் முடிவு செய்தேன். நம்பும்படி இருக்க வேண்டுமே.

பொருநையின் மாலுமிகள் உடனே எந்திரத்தை முடுக்கினார்கள். அக்காவின் குரல் வந்தது.

"இது மன்றம் அனுப்பினதா, நீ அனுப்பினதா?"

"கப்பல் கெளம்பிருச்சுல்லக்கா" என்றேன்.

"சரி. கப்பலத் திருப்பச் சொல்ல மாட்டேன். ஆனா அவங்க கேட்டா மறைக்க மாட்டேன், பாத்துக்கோ."

2189 மார்ச் 20, 11:50

பேசிக்கொண்டதை அப்படியே எழுதுகிறேன். 11:32, புதுக்கரை வாயில்.

காசிம்: "உறுதிச் செய்தி கெடச்சுதும்மா. முறைக்கு ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். மன்றம் உங்கள உறுதி செஞ்சுதா?"

கோமதி: "இல்ல."

காசிம்: "என்னம்மா சொல்றீங்க?"

கோமதி: "அந்தச் செய்தி பொய். அனுப்பினவன் கெட்டவன் இல்ல, பயந்தவன். எனக்கு ஒரு அதிகாரமும் கெடையாது. நான் என்ன வாக்குக் கொடுத்தாலும் பூமி நாளைக்கே இல்லன்னுரும். கப்பல்ல சிப்பாய் கெடையாது. மாலுமி ரெண்டு பேரு, நானு, நாப்பது பெட்டி. பெட்டிய முன்னால தள்ளி விடுதேன், எடுத்துக்கிடுங்க. அதுக்குப் பொறவு சுடுததுன்னா சுடுங்க."

கடிகாரத்தில் 11:37 ஆகிவிட்டது. நான் செய்த முட்டாள்தனத்தால் மூன்று பேர் சாகப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஒலியைக் குறைக்கக் கை போனது. குறைக்கவில்லை.

காசிம்: "பெட்டியும் வேணும். நீங்களும் வாங்க. சுடற பொத்தான் எங்கிட்டதான் இருக்கு. எங்க சபை நாலுக்கு நாலுன்னு உக்காந்திருக்கட்டும்."

11:41க்கு வாயில் திறந்தது.

2189 மார்ச் 22, 10:00

சவ்வுகள் பொருத்தியாயிற்று. காற்று ஏறுகிறது. பின்னணியில் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்கிறது என்று காசிம் மன்னிப்புக் கேட்டார். ஓடட்டும் என்றேன்.

பூமிக்கும் தெரிந்துவிட்டது. வாயிலில் பேசியது முழுவதையும் நானே அனுப்பினேன், என் பெயரோடு. ஒளிக்கத் தோன்றவில்லை.

2189 மார்ச் 24, 17:15

21இல் கூட வேண்டிய மன்றம் இன்றுதான் கூடியது. வெளிநடப்பு இல்லை. கூச்சல் இல்லை. கார்மேகவண்ணனும் மாசிலாமணியும் சேர்ந்து ஒரே தீர்மானம் கொண்டுவந்தார்கள். கோமதி ஆவுடையப்பன் பெயர் நீக்கம். அவரைக் கைது செய்யவும் புதுக்கரையைக் கைப்பற்றவும் யூரோப்பா நிலவின் தளத்திலிருந்து 'வச்சிரம்' என்ற போர்க்கப்பல். விவாதம் பதினொரு நிமிடம்.

ஆதரவு 121. எதிர்ப்பு இல்லை. அந்த நான்காமவரும் கை தூக்கினார்.

640 பேருக்கு மூச்சு முட்டியபோது ஒன்றுசேராதவர்கள். கட்டிப்பிடித்துக்கொண்ட சத்தம்கூட ஒலிவாங்கியில் கேட்டது.

எனக்கு ஓர் ஆணை. புதுக்கரைக்கு அனுப்ப வேண்டிய செய்தி: 'மருத்துவக் குழு வருகிறது. வாயிலைத் திறந்து வையுங்கள்.'

2189 மார்ச் 24, 17:50

அதை அனுப்பவில்லை. பதினொரு நிமிட விவாதத்தை அப்படியே புதுக்கரைக்கு அனுப்பினேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அக்கா பேசினார். "கேட்டோம். வாயில மூடியாச்சு. இங்க எட்டுப் பேரும் ஒண்ணா நிக்காவ. உனக்கு வர வழியிருக்கா தம்பி?"

நிலையத்தில் படகு கிடையாது. பக்கத்தில் ஒரு கப்பல் இருக்கிறது, அதில் வந்துவிடுவேன் என்றேன்.

நம்பினாரா தெரியவில்லை. "சாப்பிட்டுட்டுக் கெளம்பு" என்றார்.

2189 மார்ச் 27, 09:35

வச்சிரம் கானிமீடுக்குப் போகும் முன் இங்கே வந்து நின்றிருக்கிறது. அது சுட்டதில் இரண்டாவது ஆன்டெனா போய்விட்டது. மின்கலம் 40. பதிவுகள் எல்லாவற்றையும் திறந்த அலையில் விட்டிருக்கிறேன். யாருக்கு எட்டுமோ எட்டட்டும்.

வச்சிரத்திலிருந்து செய்தி: "நிலையப் பொறியாளருக்கு உடல்நலம் சரியில்லை என்று மன்றம் கவலை கொண்டுள்ளது. மருத்துவக் குழு வந்திருக்கிறது. கதவைத் திறக்கவும்."

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

2189 மார்ச் 27, 09:52

ஆன்டெனா ஒன்றுதான் மிச்சம். கதவை நான் திறக்கவில்லை. வெளியிலிருந்து வெட்டுகிறார்கள். உலோகம் சிவந்து

'மருத்துவக் குழு வந்தது, இப்போ நல்லா இருக்கேன்' என்று நான் எழுதியதுபோல எழுதிக் கீழே என் கையெழுத்தையும் அவர்களே போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள், கண்ணாடி வழியாகக் காட்டுகிறா