பறக்காத திங்கட்கிழமைகள்

கோல சிலாங்கூர்
3.2.2025, திங்கள்

அன்புள்ள தயானி அப்பாவுக்கு,

சுபாங் ஏர்போர்ட்டில் கம்பெனி விமானம் ஏறி, பெல்ட் போட்ட பிறகுதான் இதைப் பிரிப்பீர்கள். இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு பயணத்துக்கும் உங்கள் பேக்கில் சட்டைக்கு அடியில் ஒரு கடிதம் வைக்கிறேன். ஒரு தடவையாவது வீட்டிலேயே பிரித்ததுண்டா? போகட்டும். வியாழக்கிழமை வந்ததும் பதிலை மேசைமேல் வையுங்கள். நேரில் பேசினால் நமக்குச் சண்டைதான் வருகிறது, எழுதினால் கொஞ்சம் மனுசராக இருக்கிறோம்.

ஜனவரியிலிருந்து கம்பெனி திரும்பவும் உங்களைப் பொந்தியானாக்குக்கு அனுப்புவது நல்லதாகப் போயிற்று. "இனிமே எல்லாம் வீடியோ மீட்டிங்தான், இங்க இருந்துகிட்டே போர்னியோ செம்பனைத் தோட்டத்துக்கு என்ன உரம்னு சொல்லலாம்" என்று மூன்று மாதம் வீட்டில் உட்கார வைத்தார்களே, அப்போது உங்களைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஹாலில் ஷூ போட்டுக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்கார்ந்தீர்கள். மீட்டிங் முடிந்தால் என் மசாலா டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினீர்கள். சீரகம் எடுக்கப்போய் நான் மூன்று நாள் வெந்தயத்தைத் தாளித்தேன்.

தயானி ஞாயிறன்று புஞ்சாக் ஆலாம் கல்லூரியிலிருந்து வந்து போனாள். பரீட்சை முடிந்துவிட்டதாம். நேரம் கிடைத்தால் அவளுக்கு ஒரு போன் போடுங்கள்.

இப்படிக்கு,
உஷாராணி


பொந்தியானாக்
5.2.2025

அன்பு உஷாவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். கடலுக்கு மேலே மேகம் அதிகம், விமானம் கொஞ்சம் ஆடியது. கேப்டன் சிவநேசன் பழைய கதையெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினான். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான்.

இங்கே நேற்று நல்ல மழை. தோட்ட மேனேஜர் பாக் ஹெர்மனோடு தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். வடக்குப் பக்கத்துக் கன்றுகளின் இலை வெளுத்துப் போயிருக்கிறது. சாப்பாடு வழக்கம்போல மீன்தான், உன் கைப் பக்குவம் வராது.

தயானிக்குப் பேச நேரமே கிடைக்கவில்லை. அடுத்த வாரம் பேசுகிறேன்.

அன்புடன்,
கணேஸ்வரன்


கோல சிலாங்கூர்
10.2.2025

தயானி அப்பாவுக்கு,

இதை எங்கே உட்கார்ந்து படிக்கிறீர்களோ தெரியவில்லை. விமானத்தில் இல்லை என்பது மட்டும் தெரியும்.

போன கடிதத்தை எந்தத் தாளில் எழுதினீர்கள் என்று பார்த்தீர்களா? தலைப்பில் ஆற்றோர ஹோட்டல் படம். அந்த ஹோட்டலை இடித்து சூப்பர்மார்க்கெட் கட்டுகிறார்கள் என்று போன வருடம் நீங்களேதான் எனக்கு எழுதினீர்கள். ஊர் ஊராக ஹோட்டல் தாள்களை அள்ளிக்கொண்டு வந்து அலமாரியில் சேர்த்து வைக்காதீர்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர் சோற்றையாவது பார்த்துப் போட வேண்டாமா?

சந்தேகம் வந்து சிவநேசனுக்கு போன் போட்டேன். அவர் பாவம், ஒன்றும் தெரியாமல், "அண்ணி, பிளேன் பறந்து நாலு மாசம் ஆச்சுலா. முதலாளிகூட வீட்டுல இருந்துதான் மீட்டிங் பேசுறாரு. நான் வாரம் ஒரு தடவை இஞ்சின ஓடவிட்டுப் பாத்துட்டு மூடிட்டு வரேன். அண்ணன் சொல்லலியா?" என்றார். சொன்னார் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

வேறு பெண் யாராவது இருக்கிறாளா? இருந்தால் எழுதிவிடுங்கள், நான் அழுது முடித்துவிடுகிறேன். ஆறு வாரமாகத் திங்கட்கிழமை பேக்கைத் தூக்கிக்கொண்டு எங்கேதான் போகிறீர்கள்?

நானும் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் முதல் திங்கட்கிழமை நீங்கள் கேட்டைச் சாத்திக்கொண்டு போனதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததற்கு என்மேலேயே எனக்குக் கோபம். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

உஷா


ராசா
12.2.2025

அன்பு உஷாவுக்கு,

பெண் யாரும் இல்லை. சத்தியமாக இல்லை.

ராசா டவுனில் இருக்கிறேன். பழைய நண்பன் சேதுவின் சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை. ஒரு மேசை, ஒரு கட்டில், காற்றாடி. திங்கள் காலை வந்து பேக்கைப் பிரித்துச் சட்டையை மாட்டுவேன். மீட்டிங்கில் உட்காருவேன். வியாழன் பேக்கைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். எழுதும்போது எனக்கே கேவலமாக இருக்கிறது.

காரணம் கேட்பாய். வீட்டில் இருந்த மூன்று மாதமும் நான் விருந்தாளிபோல இருந்தேன், உஷா. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அது உன் நாற்காலியாக இருந்தது. விமானத்தில் ஏறி உட்கார்ந்தால் இறங்கும் வரைக்கும் யாருக்கும் நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அதற்குப் பழகிவிட்டேன். பயணம் என்பது வேலைக்காக என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். பயணத்தை நிறுத்திய பிறகும் வேலை ஒரு குறையுமில்லாமல் நடக்கிறது. அப்படியானால் நான் எதற்காகப் போய்க்கொண்டிருந்தேன்? இதை நினைத்தால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. விமானத்தை விற்கிறார்கள். சிவநேசன் நோயாளிகளை ஏற்றிப் போகும் விமானத்துக்கு மாறப் போகிறான். யாரையும் வாராவாரம் அனுப்பத் தேவையில்லை, ஒருவர் பொந்தியானாக்கிலேயே தங்கினால் போதும், மற்றதைத் திரையில் பேசிக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். மூன்று வருடம். முதலில் என்னைக் கேட்டிருக்கிறார்கள். இருபத்தொன்றாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நான் போகட்டுமா? நீயே சொல்லு.

கணேஸ்


கோல சிலாங்கூர்
19.2.2025

தயானி அப்பாவுக்கு,

வியாழக்கிழமை வந்தீர்கள், கடிதத்தை மேசைமேல் வைத்தீர்கள், குளிக்கப் போனீர்கள். நாலு நாள் ஒரே வீட்டில் இருந்தோம். குழம்பு போதுமா, போதும். அவ்வளவுதான் பேச்சு. திங்கட்கிழமை மறுபடியும் பேக்கைத் தூக்கினீர்கள். இந்தத் தடவை நான் அதில் கடிதம் வைக்கவில்லை.

நேற்று நான் ராசாவுக்கு வந்தேன். உங்களுக்குத் தெரியாது. ஈஜோக், ரவாங் வழியாக ஒன்றேகால் மணி நேரம் காரை ஓட்டிக்கொண்டு, வழி முழுக்க உங்களைத் திட்டிக்கொண்டு வந்தேன். நன்றாக நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் மாடிப்படி ஏறினேன். கதவு ஒருக்களித்திருந்தது. நீங்கள் மீட்டிங்கில் இருந்தீர்கள்.

பாக் ஹெர்மனிடம் அவர் மகளுக்குக் காய்ச்சல் விட்டதா, ரத்தப் பரிசோதனை என்ன ஆயிற்று என்று மலாய் மொழியில் கேட்டீர்கள். சண்டக்கான் கிளையில் வேலை பார்க்கும் பெண்ணிடம் புது வீட்டுக்குக் குடிபோய்விட்டாளா என்று கேட்டீர்கள். யாரோ தயங்கித் தயங்கிப் பேசினார். "மெதுவா சொல்லுங்க, எனக்கு அவசரம் இல்ல" என்றீர்கள். பிறகு சிரித்தீர்கள். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நவம்பரிலிருந்து நான் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். நீங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதுதான் விழுங்குகிறேன். அது என்ன மாத்திரை என்று நீங்கள் கேட்டதில்லை. கேட்கட்டும் என்று நானும் சொல்லவில்லை, அது என் வீம்பு. தயானிக்குப் பரீட்சையில் ஒரு பாடம் போய்விட்டது. அப்பாவிடம் சொல்லவேண்டாம், அவர் பிஸி என்று அழுகிறாள்.

அந்த அறையில் பேசிக்கொண்டிருந்த மனுசரை நான் பார்த்ததே இல்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் என் வீட்டுக்கு வந்ததில்லை.

போகட்டுமா என்று என்னைக் கேட்காதீர்கள். வீட்டில் மசாலா டப்பா அடுக்கியவர் போவதாக இருந்தால் தாராளமாகப் போகட்டும், நான் தடுக்கமாட்டேன். அந்த இன்னொருவர் வருவதாக இருந்தால் வரட்டும். இரண்டையும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இதை சேதுவின் கடையில் நானே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறேன். மேலே ஏறமாட்டேன்.

உஷாராணி


ராசா
20.2.2025

அன்பு உஷாவுக்கு,

நேற்று சேது உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "அண்ணி கார்ல கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டு போனாங்கடா" என்றான். நான் கீழே ஓடி வந்தபோது தெருவில் உன் கார் இல்லை.

பொந்தியானாக்குக்கு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று காலையில் சொல்லிவிட்டேன். உனக்காகத்தான் என்று சொன்னால் அது பாதிப் பொய். அங்கே போய் மூன்று மாதம் இருந்தால் அங்கேயிருந்தும் எங்கேயாவது போகத் தோன்றும். அது எனக்கு இப்போது நன்றாகத் தெரிகிறது.

ஒன்றை உன்னிடம் சொல்லியாக வேண்டும். நீ படியில் உட்கார்ந்து கேட்ட மனுசன் அவ்வளவு நல்லவன் இல்லை. மீட்டிங்குக்கு முன்னால் யாரிடம் என்ன விசாரிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வேன். ஹெர்மன் மகளின் காய்ச்சலும், சண்டக்கான் பெண்ணின் வீடும் எழுதி வைத்துக் கேட்டதுதான். வேலையில் கற்றுக்கொண்ட பழக்கம், பிறவிக் குணம் இல்லை. உனக்கும் தயானிக்கும் ஒரு வரிகூட நான் எழுதி வைத்ததில்லை. வீட்டில் தானாக வந்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

நேற்று ராத்திரி தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எந்த டாக்டர் அந்த மாத்திரையைக் கொடுத்தார், உனக்குத் தலை சுற்றுகிறதா? தயானிக்கு எந்தப் பாடம் போனது, அவளிடம் நான் எப்படிப் பேச்சை ஆரம்பிக்க வேண்டும்? நான் இல்லாத நாட்களில் சாயங்காலம் என்ன செய்வாய்? என்னைப் பார்த்தால் உனக்குப் பயமா, வெறுப்பா?

அதற்குமேல் ஒன்றும் வரவில்லை, உஷா. ஒரு மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு வருடத்துக்கு நாலே வரிதான் என்னிடம் இருக்கிறது.

அறையைக் காலி செய்துவிட்டேன். இந்தக் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போகமாட்டேன். எதிரே உட்கார்ந்திருப்பேன். படித்து முடித்ததும் மிச்சத்தை நீ சொல்லு.

கணேஸ்