இலை போலக் கிடந்த கெளுத்திகள்

நானா,

மீன் வந்த வெள்ளை ரெஜிபோம் பெட்டியின் கீழ் மூலையில் ஒரு துளி நீர் தொங்கிக்கொண்டிருந்தது. இன்று காலை வேன்காரர் பெட்டியை இறக்கி வைத்ததும் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். கெளுத்தியின் முள் உள்ளேயிருந்த தண்ணீர்ப் பையைக் குத்திவிட்டது என்று அப்போதே தெரிந்தது.

நீங்கள் மௌத்தாகி அடக்கமான பிறகு வந்த முதல் பெட்டி இது. ஆசுபத்திரிக்குப் போகுமுன் நீங்கள் கொழும்பு ஹாஜியாரிடம் சொல்லிவைத்த அலங்கார மீன்கள் இப்போதுதான் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்திருக்கின்றன. வாப்பா நேற்றே முடிவு சொல்லிவிட்டார்.

"இந்தப் பொட்டியோட போதும் மகள். தொட்டியெல்லாம் வித்துட்டு ஷெட்டுல கராம்பு மூட்டைய அடுக்குவோம். இந்த யாவாரத்துக்குப் பேசத் தெரியணும். நீ ஆளக் கண்டா உள்ளுக்கு ஓடுறியே."

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அவர் சொன்னதற்கு அதுவே சாட்சியாகிவிட்டது.

பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டில் முடங்கியிருந்த தங்கச்சியான என்னை ஷெட்டுக்குள் கூப்பிட்டது நீங்கள்தான். "நீ தண்ணியப் பாத்துக்க, ஆக்கள நான் பாத்துக்குறேன்" என்றீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நாவுல டவுனிலிருந்து மீன் வாங்க வருகிறவர்கள் உங்களோடு வாய் ஓயாமல் விலை பேசுவார்கள். நான் தொட்டிகளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

முதன்முதலாக இந்தப் பாஞ்சோ கெளுத்திகள் வந்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. காய்ந்த பலா இலை மாதிரி மீன். தொட்டாலும் அசையவில்லை. எல்லாம் செத்துவிட்டன என்று பீங்கானில் அடுக்கிப் படம் எடுத்து ஹாஜியாருக்கு அனுப்பிவிட்டீர்கள். பெட்டி திறந்த கையோடு படம் அனுப்பினால்தானே செத்ததற்குப் பதிலாக வேறு மீன் தருவார். பிறகு ஒன்றைத் தூக்கப் போனீர்கள். அது செவுளால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு பீங்கானில் வழுக்கிப் பாய்ந்தது. நீங்கள் போட்ட சத்தத்தில் உம்மா அகப்பையோடு ஓடிவந்தார். உடனே ஹாஜியாருக்குப் போன் போட்டீர்கள்.

"ஹாஜியார், மௌத்தானதெல்லாம் எழும்பிட்டுது!"

"தம்பி, நான் ஒனக்கு மீன் அனுப்பினேனா, ஜின் அனுப்பினேனா?"

போனை வைத்துவிட்டு, "இனி தங்கச்சி பாத்துச் சொன்ன பொறகுதான் படம்" என்றீர்கள்.

இன்று பையில் நீர் பாதிகூட இல்லை. கெளுத்திகள் அடியில் ஒட்டிக் கிடந்தன. வாப்பா உங்கள் போனைக் கையில் எடுத்தார்.

"எல்லாம் முடிஞ்சிச்சு. படம் எடுக்குறேன்."

"பொறுங்க வாப்பா."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பையிலிருந்த அழுக்குத் தண்ணீரைச் சேர்க்காமல் மீன்களை மட்டும் தொட்டியில் இறக்கினேன். விளக்கை அணைத்து, கண்ணாடியைச் சாக்கால் மூடினேன். ஒன்று மட்டும் வயிறு மேலாகப் புரண்டது. அதன் கண் வெளுத்திருந்தது. அதை எடுத்துத் தனியே வைத்தேன். மற்றவை கவிழ்ந்தபடியே மணலில் கிடந்தன.

"என்னத்தப் பாக்குற மகள்?"

"மீசைய."

சாக்கின் ஓரத்தை விலக்கி நெடுநேரம் பார்த்திருந்தோம். பிறகு ஒரு மீசை அசைந்தது. மெல்ல மெல்ல ஒவ்வொன்றும் மணலைக் கிளறி, கண் மட்டும் தெரியப் புதைந்துகொண்டது. "சுப்ஹானல்லாஹ்" என்று குனிந்த வாப்பா அப்படியே நின்றார்.

அப்போது போன் அடித்தது. ஹாஜியார். வாப்பா காதில் வைத்து, "ஹாஜியார், நாங்க இனிமே..." என்று தொடங்கி என்னைப் பார்த்தார்.

தண்ணீரைப் பார்ப்பது முன்பே என்னிடம் இருந்தது, நானா. நீங்கள் பார்த்துக்கொண்ட பாதியும் இப்போது என்னிடம்தான்.

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினேன்.

"ஸலாம் ஹாஜியார். நான் தங்கச்சி பேசுறேன். ஒண்ணுதான் மௌத்து, படம் அனுப்புறேன். மத்ததெல்லாம் உசிரோட இருக்குது. அடுத்த பொட்டியில முள்ளு குத்தாம ரெண்டு பை போட்டு, நடுவுல பேப்பர் வச்சுக் கட்டச் சொல்லுங்க."