ஸக்காத்து நெல்லும் உணவு முத்திரையும்

18.6.1980, புதன் இரவு

ஏழைகளுக்கு அரசாங்கம் தரும் உணவு முத்திரைக்குத் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய் அலைந்ததுதான் மிச்சம். மச்சானைக் கடல் கொண்டுபோன பிறகு அவளுக்கு ஏது வருமானம்? கிராம சேவகர் கேட்டதும் இவளே வாயைத் திறந்தாள்.

"ஒண்டுமில்ல சேர். மாசி அறுவடைக்குப் பள்ளியால ரெண்டு மூடை ஸக்காத்து நெல்லுத் தந்தாங்க."

பள்ளிவாசல் தந்ததை மறைத்தால் இறைவன் தரும் பறக்கத் போய்விடுமாம்.

"அப்ப வருமானம் இரிக்கே" என்றார் அவர்.

"ஏழையெண்டுதானே சேர் ஸக்காத்துக் குடுத்த?" என்றேன்.

"வயல்ல விளைஞ்சாலும் பள்ளியில தந்தாலும் நெல்லு நெல்லுதான்."

முத்திரை இல்லை என்றாகிவிட்டது.

நோன்பு வருகிறது. மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு, ஸக்காத்துப் பங்கிடும் பள்ளி மரைக்காரிடம் போய், அவளை இந்த முறையும் கவனிக்கச் சொன்னேன். அவர் நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"கவுண்மெந்தே அவக்கு வருமானம் இரிக்கெண்டு சொல்லிப்போட்டா, நாங்க எப்பிடித் தம்பி ஸக்காத்துக் குடுக்கிற?"

இந்த மனுஷரிடம் என்னத்தைக் கதைக்க? அந்த நெல்லைப் பிள்ளைகள் தின்று முடித்து இரண்டு மாதமாகிறது. வருமானம் மட்டும் இன்னும் தீரவில்லை.